பஸ் மாட் ஃபைலும் அப்பாவின் டேலி கணக்கும்

செக் குடியரசின் பிராக் நகரிலிருந்து இயங்கும் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ கேமை 2012 அக்டோபரில் வெளியிட்டபோது அதில் ஓட்டக் கிடைத்தவை ஐரோப்பிய லாரிகள்தாம். இன்று அதே கேமில் தமிழ்நாடு அரசுப் பேருந்து ஓடுகிறது, ஆம்னி பஸ் ஓடுகிறது. முன்கண்ணாடியில் சாமி படமும் காதைக் கிழிக்கும் ஏர் ஹாரனும்கூட உண்டு. மொபைலில் இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வுக்கும் இதே கதைதான், ஜாவா தீவின் சாலைகளில் நம்மூர் மொபசல் பஸ் போய்க்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அந்த நிறுவனங்கள் செய்யவில்லை. பஸ் மேல் பைத்தியமான இளைஞர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்து, பெரும்பாலும் காசு வாங்காமல் ஊருக்குக் கொடுத்தவை. ஒரு கேமுக்குள் வெளியாள் செருகும் இப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான் மாட் என்று பெயர்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டி இருக்கிறது செட்டியார்பட்டிப் பேரூராட்சி. நைட்டி, பாவாடை தைக்கும் தொழில் இந்தப் பக்கத்தில் வீட்டோடு கலந்தது. முன்னறையில் தையல் மெஷின்கள், உள்ளறையில் ஒரு கம்ப்யூட்டர் என்று இருக்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் அந்தக் கம்ப்யூட்டரில் டேலி ஓடும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகும், வாட்ஸ்அப் வெப்பில் ஆர்டர் வரும், பாங்க் கணக்கு திறக்கும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதே கம்ப்யூட்டரில் பையன் பஸ் ஓட்டுவான். மாட் வழியாகக் கெட்ட ஃபைல் ஒன்று உள்ளே வந்தால் கேமுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. பஸ் நன்றாகவே ஓடும். அது தேடி வந்தது பகலில் நடந்த வேலையை.

எல்லா மாட்களும் ஒரே ரகம் இல்லை. யூரோ டிரக்கின் மாட் ஃபைல் ‘.எஸ்சிஎஸ்’ என்று முடியும். பலவும் உண்மையில் பெயர் மாற்றிய ஜிப் ஃபைல்கள்தாம். செவன்-ஜிப்பில் திறந்து பார்த்தால் உள்ளே பஸ்ஸின் முப்பரிமாண வடிவம், அதன் மேல் ஒட்டும் படங்கள், ஹாரன் ஒலி, இன்ஜினின் குதிரைத்திறனையும் கியர் எண்ணிக்கையையும் எழுத்தில் குறித்த சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கும். இவற்றில் எதுவும் தானாக ஒரு வேலையும் செய்யாது. கேம் அவற்றை வாசிக்கும், வரையும், ஒலிக்கவிடும். தரவு என்பது இதுதான்.

‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியஸ்’ அப்படியில்லை. 2005-ல் கம்ப்யூட்டருக்கு வந்து, பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து இன்றுவரை நம்மூரில் சாகாமல் இருக்கும் கேம் அது. அதன் மாட்களில் பல ‘.ஏஎஸ்ஐ’ என்ற வாலோடு வருகின்றன. அந்த வாலை ‘.டிஎல்எல்’ என்று மாற்றினால் விஷயம் புரிந்துவிடும்: அது முழுமையான விண்டோஸ் நிரல் தொகுப்பு. கேம் திறக்கும்போதே கேமின் நினைவகத்துக்குள் ஏறி ஓட ஆரம்பித்துவிடும். ‘மைன்கிராஃப்ட்’ ஜாவா பதிப்பின் மாட் ‘.ஜார்’ என்று முடியும், அதுவும் நிரல்தான். ஃபோர்ஜ், ஃபேப்ரிக் போன்ற லோடர்கள் அதை எடுத்து, கேமோடு கேமாக ஒரே புராசஸில் ஓடவிடுகின்றன.

ஒரு மாட் நிரலுக்கு எவ்வளவு உரிமை உண்டு? கேமுக்கு எவ்வளவோ அவ்வளவு. கேமுக்கு எவ்வளவு? அதை டபுள் கிளிக் செய்தவருக்கு எவ்வளவோ அவ்வளவு. நீங்கள் உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் திறக்கலாம் என்றால், புதிய வாள் ஒன்றைக் கேமில் சேர்க்க வந்த மாட்டும் திறக்கலாம். விண்டோஸின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஆள் செய்யும் வேலை. ஜாவாவில் ஒருகாலத்தில் இதற்குக் கடிவாளம் போட செக்யூரிட்டி மேனேஜர் என்ற ஏற்பாடு இருந்தது. யாரும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்று 2021-ல் ஜாவா 17-லேயே அதை ஓய்வுக்கு அனுப்பும் அறிவிப்பு வந்துவிட்டது. 2015 ஏப்ரலில் ‘ஜிடிஏ 5’ கம்ப்யூட்டருக்கு வந்தது. மே மாதத்துக்குள் ‘ஆங்ரி பிளேன்ஸ்’, ‘நோ கிளிப்’ என்ற இரண்டு மாட்கள் தட்டச்சு செய்வதை உளவு பார்க்கும் நிரலைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றின. விமானங்கள் சொன்னபடி கோபமாகவே பறந்தன. அதனால்தான் யாரும் உடனே சந்தேகப்படவில்லை.

இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய சம்பவம் 2023 ஜூன் முதல் வாரத்தில் நடந்தது. கெட்ட ஃபைல் என்றால் ஏதோ ஒரு திருட்டு இணையதளம், பாப்-அப் விளம்பரம், தப்பும் தவறுமான ஆங்கிலம் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ‘ஃப்ராக்சரைசர்’ என்று பின்னால் பெயர் வைக்கப்பட்ட அந்த நச்சு நிரல் வந்தது மைன்கிராஃப்ட் மாட்களுக்கான மிகப் பெரிய கடையான கர்ஸ்ஃபோர்ஜ் வழியாக. கூடவே சர்வர் பிளகின்களுக்கான புக்கிட் தளத்திலும் இருந்தது. பிரபல மாட் எழுத்தாளர்கள் சிலரின் கணக்குகள் கைமாறியிருந்தன. அவர்கள் பெயரிலேயே புதிய பதிப்பு ஏறியது. லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் ‘பெட்டர் எம்சி’ மாட் தொகுப்பும் பாதிக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. கிளறிப் பார்த்தபோது ஏப்ரல் நடுவிலேயே நஞ்சு கலந்த ஃபைல்கள் இருந்தது தெரிந்தது. அதுவரை பெரும்பாலான ஆன்டிவைரஸ்கள் வாயே திறக்கவில்லை.

வேலை செய்த விதம் நான்கு படி. முதல் படியில் மாட் ஃபைலுக்குள் சில வரிகள்தாம். அந்த வரிகளில் எதிரியின் சர்வர் முகவரி எழுத்தாக இருக்காது. எண்களின் வரிசையாக இருக்கும். ஓடும்போதுதான் அந்த எண்கள் எழுத்தாக மாறும். ஆகவே ஃபைலுக்குள் சந்தேகமான இணைய முகவரியைத் தேடுகிறவர் கண்ணில் ஒன்றும் படாது. அந்த வரிகள் ஒரு சின்ன நிரலை இறக்கும். அது இன்னொன்றை இறக்கி, கம்ப்யூட்டர் திறக்கும் ஒவ்வொரு முறையும் தானே எழுந்துகொள்ள ஏற்பாடு செய்யும். கடைசியாக வருவதுதான் திருடன்.

விண்டோஸில் அந்த இரண்டாம் நிரல் ஒளிந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவி ஒவ்வொருவர் கணக்கிலும் ‘மைக்ரோசாஃப்ட்’ என்ற ஃபோல்டருக்குள் ‘எட்ஜ்’ என்ற ஃபோல்டராக இருக்கும். இந்த நிரல் அதன் பக்கத்திலேயே ‘மைக்ரோசாஃப்ட் எட்ஜ்’ என்று இடைவெளி விட்டு ஒரே ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள் கிராஃபிக்ஸ் சம்பந்தப்பட்ட பெயர்போல் தோன்றும் ஒரு ஜார் ஃபைலை வைத்தது. ஓர் இடைவெளிதான் வித்தியாசம். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்களும் எட்ஜ்தானே என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

கடைசிப் படியின் வேலைகள் இவை: உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் எடுப்பது, டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட், மைன்கிராஃப்ட் கணக்குகளின் டோக்கன்களை எடுப்பது, கிரிப்டோ முகவரியை யாராவது காப்பி செய்தால் பேஸ்ட் ஆகும்போது அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடுவது, கம்ப்யூட்டரில் கண்ணில் படும் ஜார் ஃபைல்களுக்குள் எல்லாம் தன் முதல் படியைத் திணிப்பது. சோதித்துப் பார்ப்பதற்கென்றே உள்ள விண்டோஸ் சாண்ட்பாக்ஸுக்குள் தான் இருப்பதை உணர்ந்தால், கிளிப்போர்டு வழியாக வெளியே தாவப் பார்க்கும் பகுதியும் அதில் இருந்தது. எழுதியவன் கைகாரன்.

பிடித்தவர்கள் யார்? மாட் எழுதும் இளைஞர்களும் பிரிஸ்ம் லாஞ்சர் போன்ற திறமூலத் திட்டங்களில் வேலை செய்பவர்களும். ஆளுக்கு ஒரு துண்டைப் பிரித்து வாசித்து, கண்டதை அப்போதைக்கப்போது பொதுவில் எழுதிவைத்தார்கள். கர்ஸ்ஃபோர்ஜ் தன் பங்குக்கு நஞ்சு கலந்த ஃபைல்களை நீக்கி, கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டது. சம்பளம் வாங்கும் காவல்காரர்களைவிட விளையாட்டுப் பிள்ளைகள் முந்திக்கொண்ட சம்பவம் இது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். உலாவி பாஸ்வேர்டைப் பூட்டித்தானே வைக்கிறது? ஆம், பூட்டித்தான் வைக்கிறது. குரோம் தன் குக்கிகளையும் பாஸ்வேர்டுகளையும் மறையாக்கம் செய்து சேமிக்கிறது. அதற்கான சாவி விண்டோஸ் பயனர் கணக்கோடு கட்டப்பட்டது. அப்பாவின் கணக்கில் நுழைந்திருக்கும்போது, அந்தக் கணக்கில் ஓடும் எந்த நிரலும் ‘இதைத் திறந்து கொடு’ என்று விண்டோஸைக் கேட்கலாம், விண்டோஸ் கொடுத்துவிடும். கேட்டது குரோமா, குரோமின் பக்கத்தில் ஓடும் பஸ் கேமா என்று அந்த ஏற்பாடு பார்ப்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் கூகுள் 2024 ஜூலையில் வந்த குரோம் 127-ல் குக்கிகளை உலாவியோடு பிணைக்கும் புதிய பூட்டைப் போட்டது. சில மாதங்களிலேயே திருட்டு நிரல் எழுதுகிறவர்கள் சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டார்கள். அட்மின் அனுமதி கேட்டு விண்டோஸ் திரை இருளவே இல்லையே, ஆகவே ஒன்றும் நடந்திருக்காது என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. உங்கள் குக்கியைத் திருட அட்மின் உரிமை தேவையே இல்லை. நீங்களாக இருந்தால் போதும்.

குக்கியில் அப்படி என்ன இருக்கிறது? ஜிமெயிலில் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து நுழைந்தபின் மறுநாள் அது கேட்பதில்லை. ‘இவர் ஏற்கெனவே நிரூபித்துவிட்டார்’ என்ற அத்தாட்சி குக்கியாக உலாவியில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அதைப் பெயர்த்தெடுத்துத் தன் உலாவியில் வைத்துக்கொள்கிறவனிடம் பல தளங்கள் ஓடிபி கேட்காது. இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தும் யூடியூப் சேனல்கள் பறிபோவது இந்த வழியில்தான். பாங்க் தளங்கள் சில நிமிடங்களில் தாமே வெளியேற்றிவிடுவதால் அங்கே ஆபத்து குறைவு. மெயில் அப்படியில்லை. மெயில் போனால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அதைக் கொண்டே மாற்றலாம்.

தரவாக வரும் மாட் பத்திரம், நிரலாக வருவது ஆபத்து என்று கோடு போட்டுவிடலாமா? ஏறக்குறைய போடலாம், ஆனால் கோடு சில இடங்களில் அழிந்துவிடும். தரவை வாசிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால் தரவே நிரலாகிவிடும். 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய, ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே தொகுப்பின் ஓட்டையை அலிபாபா நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் நவம்பரிலேயே தெரிவித்திருந்தார். அது பொதுவெளியில் முதலில் பெரிதாகத் தெரிந்தது மைன்கிராஃப்ட் சர்வர்களில்தான். சாட் பெட்டியில் குறிப்பிட்ட விதமாக ஒரு வரியைத் தட்டினால் போதும். சர்வர் அதைப் பதிவேட்டில் எழுதும்போது லாக்4ஜே அந்த வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டிவிடும். மைன்கிராஃப்டை உருவாக்கும் மோஜாங், ஓட்டையை அடைத்த 1.18.1 பதிப்பை டிசம்பர் 10 அன்றே வெளியிட்டது. பழைய பதிப்பில்தான் தனக்குப் பிடித்த மாட் ஓடுகிறது என்று உட்கார்ந்திருந்தவர்கள்தாம் மாட்டிக்கொண்டார்கள்.

‘டோட்டா 2’ கதையும் இதே மாதிரி. ரசிகர்கள் உருவாக்கும் விளையாட்டு வகைகள் நான்கில் கெட்ட ஸ்கிரிப்ட் இருந்ததை அவாஸ்ட் நிறுவனம் 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. அவை உட்கார்ந்திருந்தது கேம்கள் விற்கும் ஸ்டீம் கடையிலேயே. ஸ்கிரிப்டைக் கூண்டுக்குள் வைத்து ஓட்ட வேண்டிய வி8 என்ற இன்ஜின் 2018 டிசம்பரில் தொகுக்கப்பட்டது. அதன் பிறகு அதைப் புதுப்பிக்கவே இல்லை. தெரிந்த ஓட்டை ஒன்றின் வழியாக ஸ்கிரிப்ட் கூண்டைவிட்டு வெளியே வந்தது. அவாஸ்ட் முன்கூட்டியே சொன்னதால் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஜனவரியிலேயே அடைத்துவிட்டது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ‘ஸ்லே த ஸ்பையர்’ கேமின் ‘டவுன்ஃபால்’ விரிவாக்கத்தை எழுதியவர்களின் ஸ்டீம் கணக்கைப் பறித்து, சுமார் ஒரு மணி நேரம் அதன் இடத்தில் ‘எப்சிலான்’ என்ற திருட்டு நிரலை வைத்துவிட்டார்கள். பண்டிகை நாளில் கேமைத் திறந்தவருக்கு ஸ்டீம் தானாகவே அந்த அப்டேட்டை இறக்கிக் கொடுத்தது.

ஆகவே ‘நம்பகமான இடத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை தேவைதான், போதாது. கர்ஸ்ஃபோர்ஜ், ஸ்டீம் இரண்டும் நம்பகமான இடங்களே. என்னைக் கேட்டால் பாதுகாப்பின் பாதி, ஃபைலைச் சோதிப்பதில் இல்லை. சோதனையில் தப்பிய ஃபைலால் எதைத் தொட முடியும் என்பதை முன்பே முடிவு செய்வதில் இருக்கிறது.

இந்தத் தத்துவத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் நச்சு நிரல் இருப்பதாக மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்தது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அதை ஒப்புக்கொண்டது. ‘டிட்ராக்’ என்ற அந்த நிரல் தட்டச்சையும் உலாவி வரலாற்றையும் சேகரிக்கும் ரகம். அது ஏறியிருந்தது நிர்வாக வேலைக்கு இணையத்தோடு இணைந்திருந்த கம்ப்யூட்டர். அணு உலையை இயக்கும் வலைப்பின்னல் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதைத் தொடவில்லை என்பது கழகம் சொன்ன விளக்கம். அணுமின் நிலையத்துக்குள்ளும் கெட்ட ஃபைல் வரலாம் என்பது செய்தி. வந்தது எதுவரை போக முடிந்தது என்பதை முன்பே போட்டிருந்த பிரிவு தீர்மானித்தது.

செட்டியார்பட்டி வீட்டில் இதைச் செய்யச் செலவில்லை. விண்டோஸில் கேமுக்கென்று தனிப் பயனர் கணக்கு திறக்க வேண்டும். அது ‘ஸ்டாண்டர்ட்’ கணக்காக இருக்க வேண்டும், அட்மினாக இருக்கக் கூடாது. அப்பாவின் கணக்குக்குப் பாஸ்வேர்டு இருக்க வேண்டும், அது பையனுக்குத் தெரியக் கூடாது. (இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி.) இப்போது கேம் கணக்கில் ஓடும் திருட்டு நிரல் அப்பாவின் உலாவிக் கோப்புகளைத் திறக்கப் போனால் விண்டோஸ் அனுமதி மறுக்கும். எப்படியோ அந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் அதைத் திறக்கும் சாவி அப்பாவின் கணக்கோடு கட்டப்பட்டது. இந்தக் கணக்கிலிருந்து கேட்டால் கிடைக்காது.

இரண்டு ஓட்டைகளை மட்டும் கவனிக்க வேண்டும். டேலி டேட்டாவை டி டிரைவில் போட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. டி டிரைவ் பொதுவாக எல்லாக் கணக்குகளுக்கும் திறந்தே கிடக்கும். அந்த ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், கேம் கணக்குக்கு அனுமதி இல்லாதபடி மாற்ற வேண்டும். அடுத்தது, கேமைக் கேம் கணக்கிலிருந்து மட்டுமே திறக்க வேண்டும். ‘ஒரு நிமிஷம், பாருங்கப்பா இந்த பஸ்ஸை’ என்று அப்பாவின் கணக்கில் ஒரே ஒருமுறை திறந்தாலும் மாட் அங்கே அப்பாவின் உரிமையோடு ஓடிவிடும்.

இதைவிட நல்ல ஏற்பாடும் உண்டு. 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது. பழைய லேப்டாப்பைப் பையனிடம் கொடுத்து நல்ல கம்ப்யூட்டரை அப்பா வைத்துக்கொள்வது வழக்கம். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கேமுக்குத்தான் பலமான இயந்திரம் வேண்டும். பாங்க் வேலைக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் ஓர் உலாவி போதும். பழைய லேப்டாப்பில் ஆதரவு முடிந்த விண்டோஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு லினக்ஸைப் போட்டு, பண விவகாரத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அது நல்ல கம்ப்யூட்டரில் அப்பாவின் கணக்கிலேயே இருக்கட்டும்.

இனி ஃபைலைச் சோதிக்கும் பாதிக்கு வருவோம். விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்தே காட்டும். இது மைக்ரோசாஃப்ட் செய்த உருப்படாத முடிவுகளில் ஒன்று. ‘அரசு பஸ்.எஸ்சிஎஸ்.இஎக்ஸ்இ’ என்று ஒருவன் பெயர் வைத்தால் திரையில் ‘அரசு பஸ்.எஸ்சிஎஸ்’ என்றுதான் தெரியும். எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பட்டியலுக்குள் போய் ஃபைல் பெயரின் வாலைக் காட்டும்படி டிக் செய்துவிட்டால் இந்த ஏமாற்று அன்றோடு முடிந்தது. யூரோ டிரக் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு தடயமும் உண்டு. கேமின் பிளகின்ஸ் ஃபோல்டரில் டிஎல்எல் இருந்தால், திறக்கும்போது ‘மேம்பட்ட எஸ்டிகே வசதிகளைப் பயன்படுத்தக் கோரிக்கை வந்திருக்கிறது’ என்ற பொருளில் கேமே ஓர் அறிவிப்பைக் காட்டும். ஸ்டீயரிங் டாஷ்போர்டு போன்றவற்றை நீங்களாகப் போட்டிருந்தால் அது சகஜம். வெறும் பஸ் மாட் மட்டும் போட்ட கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்பு வந்தால் விளையாட்டை அங்கேயே நிறுத்த வேண்டும். பஸ் மாட் ஒன்றுக்கு இன்ஸ்டாலர் எதற்கு என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். எஸ்சிஎஸ் ஃபைலை மாட் ஃபோல்டரில் போட்டால் வேலை முடிந்தது. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்த அங்கே ஒன்றுமே இல்லை.

வீடியோவுக்குக் கீழே லிங்க், லிங்க்கில் பாஸ்வேர்டு போட்ட ஜிப் அல்லது ரார் ஃபைல், பாஸ்வேர்டு வீடியோவின் நடுவில் எங்கோ. பஸ் மாட் உலகத்தில் இது அன்றாடம். பார்வை நேரம் கூடட்டும், உழைப்பை இன்னொருவன் எடுத்துத் தன் பெயரில் போடாமல் இருக்கட்டும் என்ற நியாயமான காரணங்களுக்காகச் செய்கிறார்கள். ஆனால் பாஸ்வேர்டு போட்ட ஃபைலுக்குள் கூகுள் டிரைவோ மீடியாஃபயரோ எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே திருடனுக்கும் அது பிடித்த வழி. பிரித்தபின் ஃபைலை ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்கேன் முடிவைப் படிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல பத்து ஆன்டிவைரஸ் இன்ஜின்கள் சோதித்துச் சொல்லும். கேமின் நினைவகத்துக்குள் புகும் நல்ல ஏஎஸ்ஐ ஃபைலையும் ஒன்றிரண்டு இன்ஜின்கள் சந்தேகப்படும். அதன் தொழிலே புகுவது. அதே சமயம் எல்லா இன்ஜினும் பச்சை காட்டினால் பத்திரம் என்றும் இல்லை. ஃப்ராக்சரைசர் வெளிவந்த நாளில் அப்படித்தான் இருந்தது. சந்தேகமிருந்தால் இரண்டு வாரம் கழித்து அதே ஃபைலை மறுபடி சோதிப்பது நல்ல பழக்கம். புதிய மாட் வந்த அன்றே போட்டாக வேண்டும் என்ற அவசரம்தான் இதில் எதிரி.

ஹாஷ் என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீடு எந்த ஃபைலையும் 64 குறிகள் கொண்ட வரிசையாகச் சுருக்கித் தரும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் வரிசை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். தளவாய்புரத்து நைட்டிக் கட்டின் மேல் ஒட்டும் லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஃபைலின் பெயரும் அப்படிப்பட்ட லேபிள்தான். ஹாஷோ துணியின் இழை இழையாக எண்ணிப் போட்ட கணக்கு. எழுத்தாளரின் கணக்கையே திருடன் பிடித்துவிட்டால் அவன் புதிய ஹாஷையும் சேர்த்தே வெளியிடுவான். அப்போது ஒப்பிட்டுப் பயனில்லை. ஆனால் உங்கள் மாட் ஃபோல்டரில் நல்ல நிலையில் இருந்த ஃபைல்களின் ஹாஷ் பட்டியலை நீங்களே எடுத்து வைத்திருந்தால் அதன் பலன் வேறு. ஃப்ராக்சரைசர் போன்றது எல்லா ஜார் ஃபைல்களையும் தொடும். நீங்கள் எதையும் அப்டேட் செய்யாமலேயே, நேற்றுவரை மாறாதிருந்த நாற்பது ஃபைல்களின் ஹாஷும் ஒரே ராத்திரியில் மாறியிருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். விண்டோஸின் பவர்ஷெல்லில் ஒரே வரிக் கட்டளையில் இந்தப் பட்டியல் வந்துவிடும்.

மொபைலில் பஸ் ஓட்டுகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். பஸ் சிமுலேட்டரின் மாட் தனி வகை ஃபைல்; கேம் அதைப் படித்துக்கொள்ளும். மாட் என்ற பெயரில் ஏபிகே வந்தால் அது வேறொரு ஆப். அது எஸ்எம்எஸ் படிக்கவோ ஆக்செசிபிலிட்டி அனுமதியோ கேட்டால், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே செய்யும் அதே வேலையைச் செய்ய வந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் உள்ளே வந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினால் புதியதும் சேர்ந்து போகும். வேறு போனிலிருந்து மாற்ற வேண்டும், மெயில் முதலில். மாற்றுவதோடு ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்த வேண்டும். திருடிய குக்கி செல்லாமல் போவது அப்போதுதான். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே பேச வேண்டும். சீக்கிரம் பேசினால் இடையிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசமாகக் கொடுக்கும் சுத்திகரிப்புக் கருவிகளில் சென்னையில் 1991-ல் பிறந்த கே7 நிறுவனத்துடையதும் உண்டு. ஆனாலும் திருட்டு நிரல் ஓடிய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிடுவதே என் கட்சி.

ஃபார்மட் என்றதும் பையன் அழுவது மாட்களுக்காக. பென்டிரைவில் எடுத்து வைத்த ஜார், ஏஎஸ்ஐ, டிஎல்எல் ஃபைல்களைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. நஞ்சு அவற்றின் மேலேறித்தான் மறுபடி வரும். அவை எல்லாம் எழுதியவரிடமிருந்து புதிதாக இறங்கட்டும். மைன்கிராஃப்டில் கட்டிய வீடும் ஊரும் இருக்கும் ‘சேவ்ஸ்’ ஃபோல்டரும், யூரோ டிரக்கில் ஓட்டிச் சேர்த்த கிலோமீட்டர்கள் இருக்கும் ‘புரொஃபைல்ஸ்’ ஃபோல்டரும் தரவு. வேறு ஃபைல் எதுவும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வாலைப் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.